டிஸ்னியின் 'தி கம்ப்யூட்டர் வோர் டென்னிஸ் ஷூஸ்' (1969): இன்று பார்த்தால் என்ன தேறுகிறது?

திரைக்கூத்து

டிஸ்னியின் பழைய குடும்பப் படங்களை ஒவ்வொன்றாக மறுபடி பார்த்து வருகிறேன். இந்த வாரம் இதன் முறை. ராபர்ட் பட்லர் இயக்கி, 1969 டிசம்பர் 31 அன்று வெளியான படம். நாயகன் டெக்ஸ்டராக நடித்த கர்ட் ரஸ்ஸலுக்கு அப்போது பதினெட்டு வயது.

பார்க்காதவர்களுக்காகக் கதை: மெட்ஃபீல்டு என்றொரு சின்னக் கல்லூரி. கையில் காசு கிடையாது. பாடம் நடத்த ஒரு கணினி வேண்டும் என்று பேராசிரியர் குவிக்லி மன்றாடுகிறார், டீன் ஹிக்கின்ஸ் கையை விரிக்கிறார். மாணவர்கள் ஏ.ஜே. ஆர்னோ என்ற பணக்காரரைப் பிடித்து, அவரிடம் இருந்த பழைய கணினியை நன்கொடையாக வாங்கிவிடுகிறார்கள். ஒருநாள் அது பழுதாகிறது. படிப்பில் சுமாரான டெக்ஸ்டர் ரைலி, இடி மின்னலோடு கொட்டும் மழையில் மாற்று பாகத்தை எடுத்து வந்து, நனைந்த உடம்போடு பொருத்துகிறான். மின்சாரம் தாக்குகிறது. கணினியில் இருந்ததெல்லாம் அவன் மண்டைக்குள் போய்விடுகிறது. கலைக்களஞ்சியத்தைச் சில நிமிடங்களில் படித்து முடிக்கிறான். ஒரு பாடநூலைப் புரட்டினால் ஒரு மொழி வந்துவிடுகிறது. ஊரே கொண்டாடுகிறது. டீன் அவனைக் கல்லூரிகளுக்கு இடையிலான தொலைக்காட்சி வினாடிவினாவுக்கு அனுப்புகிறார்.

அடுத்ததுதான் எனக்கு முக்கியம். நேரடி ஒளிபரப்பில் ஒரு கேள்வியில் 'ஆப்பிள்ஜாக்' என்ற சொல் வருகிறது. உடனே டெக்ஸ்டர் தன்னை அறியாமல் வேறு எதையோ ஒப்பிக்க ஆரம்பிக்கிறான். அது ஆர்னோ ரகசியமாக நடத்திவந்த சட்டவிரோதச் சூதாட்டத்தின் கணக்கு. நன்கொடை கொடுத்த கணினியில் ஆர்னோ தன் கணக்கை அழிக்காமல் விட்டிருக்கிறார்.

மின்சாரம் பாய்ந்து அறிவு வருவதெல்லாம் சிறுபிள்ளைக் கற்பனை. வண்ண வண்ண விளக்குகளோடு மினுக்கும் பெட்டிகள், மருத்துவர்கள் காதுக்குள் எட்டிப் பார்த்தால் உள்ளே கணினி தெரிவது, எல்லாம் காலாவதி ஆகிவிட்டது. ஆனால் கைமாறிய கணினியில் பழைய சொந்தக்காரரின் ரகசியம் தங்கியிருக்கும் என்பதை, வீட்டுக்கு வீடு கணினி வராத காலத்தில் ஒரு குடும்பப் படம் கதையின் முதுகெலும்பாகவே வைத்திருக்கிறது. இதற்காகவே இந்தப் படத்தை மறுபடி பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

மின்கம்பி

படத்தைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், உங்கள் பதிவைப் படித்துவிட்டு மறுபடி பார்த்தேன். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் மின்பணியாளர். ஈரக் கையோடு இணைப்பைத் துண்டிக்காமல் இயந்திரத்துக்குள் கை விடுகிறான், எழுந்து நிற்கும்போது மேதையாகிவிடுகிறான். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைக் காட்டினால் என்ன புரியும்? காய்ந்த தோலைவிட நனைந்த தோல் மின்சாரத்தை எளிதாக உள்ளே விடும். கை வழியாக மார்பைக் கடந்து போனால் இதயத்துடிப்பே தாறுமாறாகிவிடும். கற்பனை என்று ஒரு வார்த்தையில் கடந்துபோக என்னால் முடியவில்லை.

இன்னொன்று. மின்சாரத்தை நிறுத்தினால் கணினியின் நினைவகம் காலி. பழுதாகி நின்றுபோன இயந்திரத்தில் ஆர்னோவின் கணக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்கள் பாராட்டுகிற இடமே ஆட்டம் காண்கிறதே.

துளையட்டை

மின்கம்பி தம்பி, ஈரக் கை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நானும். நினைவகம் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நீங்கள் சொல்வது இன்றைய கணினிகளில் உள்ள ரேம் நினைவகத்துக்குப் பொருந்தும். அந்தக் காலத்து நினைவகம் வேறு. ஃபெரைட் என்ற காந்தப் பொருளில் செய்த, கடுகளவே உள்ள வளையங்கள். அவற்றைப் பாசிமணி கோர்ப்பதுபோல மெல்லிய செப்புக் கம்பிகளில் குறுக்கும் நெடுக்குமாகக் கோர்த்திருப்பார்கள். ஒரு வளையம் ஒரு பிட். காந்தப்புலம் ஒரு திசையில் சுற்றினால் 0, எதிர்த்திசையில் சுற்றினால் 1. மின்சாரத்தை நிறுத்தினாலும் காந்தத் திசை மாறாது. மறுநாள் காலையில் போட்டாலும் நேற்று இருந்தது அப்படியே இருக்கும். இன்டெல்லின் 1103 நினைவகச் சில்லு 1970இல் வந்த பிறகுதான் இந்தக் காந்த வளைய நினைவகத்தின் காலம் மெல்ல முடிந்தது. ஆகவே 1969இல் நின்றுபோன கணினிக்குள் பழைய தகவல் தங்கியிருப்பது நடக்கக்கூடியதே.

ஆனால் ஆர்னோவின் முழுக் கணக்கும் அதில் இருந்திருக்க வழியில்லை. ஐபிஎம் நிறுவனத்தின் 360 கணினி வரிசையில் மாடல் 30 பரவலாக விற்ற இயந்திரம். அதன் நினைவகம் அதிகபட்சம் 64 கிலோபைட். இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றில் சின்னத் துண்டுதான் அதில் அடங்கும். கணக்கெல்லாம் காந்த நாடாவிலும் துளையிட்ட அட்டைகளிலும்தான் இருக்கும். ஆர்னோ அழிக்க மறந்தது நாடாச் சுருளை என்று வைத்துக்கொண்டால் கதை சரியாக நிற்கும்.

படத்தின் பெரிய பிழை என்று நான் நினைப்பது வேறு. கணினி என்றால் எல்லாம் தெரிந்த பேரறிவு என்று காட்டிவிட்டார்கள். நான் எழுபதுகளில் ஓர் அலுவலகத்தின் தகவல் பிரிவில் இருந்தேன். எங்கள் இயந்திரத்துக்குத் தெரிந்தது சம்பளப் பட்டியலும் சரக்கு இருப்பும். அதுவும் நாங்கள் அட்டையில் துளையிட்டுக் கொடுத்தால். ஓர் அட்டையில் 80 பத்திகள். ஒருவர் துளையிட்டதை இன்னொருவர் சரிபார்ப்பு இயந்திரத்தில் மறுபடி முதலிலிருந்து தட்டிப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் அட்டை உள்ளே போகும். நிரல் அட்டைகளில் 73 முதல் 80 வரையான பத்திகளில் வரிசை எண் அடிப்போம். கட்டு கைதவறிக் கீழே விழுந்தால் அந்த எண்ணை வைத்துத்தான் மறுபடி அடுக்க முடியும். எண் அடிக்காமல் சோம்பல்பட்டவர் அன்று வீட்டுக்குப் போன மாதிரிதான்.

வினாப்பித்தன்

துளையட்டை ஐயா, இந்த மாதிரி விவரம் கிடைக்கும் என்றுதான் இந்த இழையைத் தொடர்கிறேன். வினாடிவினா பக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

படத்தில் வரும் போட்டிக்கு அசல், அமெரிக்காவில் 1959 முதல் 1970 வரை தொலைக்காட்சியில் ஓடிய 'காலேஜ் பவுல்'. கல்லூரிக்கு நான்கு பேர், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆதரவு, வென்றால் கல்லூரிக்கு உதவித்தொகை. அந்த நிகழ்ச்சி தொலைக்காட்சிக்கு வந்த அதே 1959இல்தான் இன்னொரு பெரிய விவகாரம் வெடித்தது. 'ட்வென்டி ஒன்' என்ற வினாடிவினாவில் ஜெயித்து நாடறிந்த முகமான சார்லஸ் வான் டோரன், விடைகள் தனக்கு முன்கூட்டியே தரப்பட்டன என்று நவம்பரில் நாடாளுமன்றக் குழு முன்னால் ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டே வினாடிவினாவில் ஏமாற்றுவது சட்டப்படி குற்றம் ஆயிற்று. அது நடந்து பத்து ஆண்டுகளில் வந்த படம் இது. மண்டைக்குள் கணினியை வைத்துக்கொண்டு போட்டியிடுவது நியாயமா என்று படத்தில் யாரும் கேட்கவில்லை. எனக்கு அது உறுத்துகிறது. எதிரணி மாணவர்கள் உண்மையிலேயே படித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் முடிவு இருக்கிறதே, அதை யோசித்து யோசித்து வியக்கிறேன். ஆர்னோவின் ஆட்கள் டெக்ஸ்டரைக் கடத்துகிறார்கள். நண்பர்கள் பெயின்டர்கள்போல வீட்டுக்குள் நுழைந்து, பெரிய பெட்டிக்குள் அவனை வைத்துத் தூக்கி வருகிறார்கள். அந்த அமளியில் அவன் தலையில் அடிபடுகிறது. இறுதிச் சுற்றில், ஸ்பிரிங்ஃபீல்டு ஸ்டேட் கல்லூரிக்கு எதிராக ஆடும்போது, அவனுடைய கணினி அறிவு கொஞ்சம் கொஞ்சமாக வடிகிறது. ஒரு லட்சம் டாலருக்கான கடைசிக் கேள்வி: அமெரிக்காவின் புவியியல் மையத்தில் இருக்கும் சிற்றூர் எது? டெக்ஸ்டருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த ஸ்கைலர் என்ற சாதாரண மாணவன் சொல்கிறான்: கன்சாஸ் மாநிலத்தின் லெபனான்.

இப்போது 2011 பிப்ரவரிக்கு வாருங்கள். ஐபிஎம்மின் வாட்சன் கணினி 'ஜெபர்டி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி வினாடிவினாவில் அதன் முன்னாள் வெற்றியாளர்கள் கென் ஜென்னிங்ஸ், பிராட் ரட்டர் இருவரோடும் மோதியது. முதல் ஆட்டத்தின் கடைசிக் கேள்விக்குத் தலைப்பு 'அமெரிக்க நகரங்கள்'. மிகப்பெரிய விமான நிலையம் இரண்டாம் உலகப்போர் வீரர் ஒருவரின் பெயரிலும், இரண்டாவது பெரிய விமான நிலையம் அந்தப் போரின் சண்டை ஒன்றின் பெயரிலும் உள்ள நகரம் எது என்று கேட்டார்கள். மனிதர்கள் இருவரும் சிகாகோ என்று சரியாக எழுதினார்கள். வாட்சன் டொரான்டோ என்று எழுதியது, ஐந்து கேள்விக்குறிகளோடு. தலைப்பு அமெரிக்க நகரங்கள், விடை கனடாவில்! வாட்சன் பந்தயம் கட்டியது வெறும் 947 டாலர் என்பதால் பெரிய இழப்பில்லை, மொத்தத்தில் 77,147 டாலரோடு அதுதான் ஜெயித்தது. ஆனாலும் அமெரிக்க ஊர்களைப் பற்றிய கடைசிக் கேள்வியில் கணினி தடுமாறி மனிதன் சரியாகச் சொல்லும் காட்சியை, நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பிள்ளைகள் படம் எழுதி வைத்திருக்கிறது. படத்தை எழுதியவர்கள் குறிபார்த்து அடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சிலிர்த்தது.

ஒரு திருத்தமும் உண்டு. லெபனான் என்பது ஒட்டியிருக்கும் 48 மாநிலங்களுக்கு மட்டுமான மையம். 1959இல் அலாஸ்காவும் ஹவாயும் மாநிலங்கள் ஆன பிறகு, ஐம்பதுக்கும் சேர்த்து மையம் தெற்கு டகோட்டாவில் பெல் ஃபூர்ஷ் அருகே போய்விட்டது. 1969 போட்டியில் லெபனானுக்கு மதிப்பெண் கொடுத்திருக்கக் கூடாது. எதிரணி முறையிட்டிருந்தால் கோப்பை கைமாறியிருக்கும்.

நூலகவாசி

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். ஒரு பெரிய விடுபடலை மட்டும் யாரும் தொடவில்லை. இந்தப் படத்தில் கணினியைத் தொடும் பெண் யார்? மாணவர் கும்பலில் ஆனி என்றொரு பெண் இருக்கிறாள், அவ்வளவுதான். கணினி என்றால் பேராசிரியரும் பையன்களும்.

ஆனால் அந்த ஆண்டில் நிலைமை அப்படி இல்லை. எனியாக் என்ற தொடக்ககால மின்னணுக் கணினிக்கு முதன்முதலாக நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். 1946இல் அதை உலகுக்குக் காட்டியபோது அவர்கள் பெயர் வெளியே வரவில்லை. 1967 ஏப்ரலில் 'காஸ்மோபாலிட்டன்' இதழ் கணினித் துறைப் பெண்களைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிட்டது, அதில் நிரலாக்க முன்னோடி கிரேஸ் ஹாப்பர் பேசியிருக்கிறார். இந்தப் படம் வருவதற்கு ஐந்து மாதம் முன்னால் நிலவில் இறங்கிய அப்பல்லோவின் மென்பொருள் குழுவுக்குத் தலைமை மார்கரெட் ஹாமில்டன். துளையட்டை ஐயா சொன்ன கம்பி கோர்க்கும் வேலைக்கு வருவோம். அப்பல்லோ கணினியின் நிரல்களை வளையங்களுக்கு உள்ளேயும் வெளியேயும் கம்பியை விட்டுக் கையால் பின்னினார்கள். பின்னியவர்கள் மாசசூசெட்ஸ் மாநிலம் வால்தமில் ரேதியான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள். கம்பி உள்ளே போனால் 1, வெளியே போனால் 0. ஓரிடம் தவறினால் நிரலே தவறு. இத்தனை பெண்கள் கையில் இருந்த ஒரு தொழிலைப் படம் பையன்களின் விளையாட்டாகக் காட்டியது. அன்று பார்த்த சிறுமி ஒருத்திக்கு இந்தத் துறை உனக்கு இல்லை என்று சொல்லாமல் சொல்லியிருக்கும். காலாவதி ஆகிவிட்டது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான், மினுக்கும் விளக்குகள் அல்ல.

அடுத்தது, கல்லூரி. அந்த ஆண்டு வட அமெரிக்கக் கல்லூரிகளில் கணினி என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? 1964லேயே கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் தங்களை நிர்வாகம் துளையட்டையாக நடத்துகிறது என்று சொல்லி அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போராடினார்கள். 1969 ஜனவரியில் கனடாவில் மான்ட்ரியாலின் சர் ஜார்ஜ் வில்லியம்ஸ் பல்கலைக்கழகத்தில், ஓர் ஆசிரியர் கறுப்பின மாணவர்களுக்குப் பாரபட்சமாக மதிப்பெண் போடுகிறார் என்ற புகாரை நிர்வாகம் சரியாக விசாரிக்கவில்லை என்று மாணவர்கள் ஒன்பதாவது மாடியில் இருந்த கணினி மையத்தைக் கைப்பற்றினார்கள். பிப்ரவரி 11 அன்று காவலர்கள் நுழைந்தபோது துளையட்டைகள் ஜன்னல் வழியாகத் தெருவெல்லாம் கொட்டின, மையம் தீப்பற்றியது. 97 பேர் கைது. சேதம் இருபது லட்சம் டாலர் அளவில். அந்தப் பல்கலைக்கழகம்தான் இன்றைய கான்கார்டியா, 2022இல் அந்த மாணவர்களிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டின் கடைசி நாளில் வெளியான படத்தில் மாணவர்கள் செய்யும் பெரிய கலகம், நிர்வாகக் குழுக் கூட்டத்தை ஒட்டுக்கேட்பது.

திரைக்கூத்து

நூலகவாசி அக்கா, மான்ட்ரியால் செய்தியை நான் இந்தப் படத்தோடு சேர்த்து யோசித்ததே இல்லை. இனி சேர்க்காமல் பார்க்க முடியாது.

ஆனால் படத்தின் மேல் முழுப் பழியையும் போட மனம் வரவில்லை. மெட்ஃபீல்டு கல்லூரி இந்தப் படத்துக்காக உருவானதல்ல. 1961இல் 'தி ஆப்சென்ட் மைண்டட் புரொஃபசர்' படத்திலேயே வந்துவிட்டது. வால்ட் டிஸ்னி 1966 டிசம்பரில் காலமானார். அதன்பின் ஸ்டுடியோ பழைய சூத்திரத்தையே பிடித்துக்கொண்டது. பணமில்லாத கல்லூரி, புலம்பும் டீன், விசித்திரமான விஞ்ஞானம், கடைசியில் ஒரு துரத்தல். வெளியே உலகம் மாறியது, மெட்ஃபீல்டுக்குள் நாட்காட்டி 1961லேயே நின்றுவிட்டது.

வினாப்பித்தன் கேட்ட நியாயம் பற்றி: டெக்ஸ்டர் ஏமாற்றவில்லை என்பது என் கட்சி. தானாகத் தேடிப் போகவில்லை, வந்து சேர்ந்தது. ஆர்னோவாக வரும் சீசர் ரொமேரோவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அறுபதுகளின் 'பேட்மேன்' தொடரில் ஜோக்கர் அவர்தான். இங்கே கோட்டும் சூட்டுமாகச் சிரித்துக்கொண்டே மிரட்டுகிறார். டீனாக வரும் ஜோ ஃபிளின்னின் பதற்றத்தை இன்று பார்த்தாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இரண்டாங்கை

ஆர்னோ அழிக்காமல் விட்ட கணக்கு விஷயத்துக்கு வருகிறேன், இது என் தொழில். பழைய கணினிகளை வாங்கிச் சரிசெய்து விற்கிறேன்.

எம்.ஐ.டி. ஆய்வு மாணவர்கள் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் இருவரும் 2000 முதல் 2002 வரை பழைய ஹார்டு டிஸ்குகள் 158ஐ விலைக்கு வாங்கிச் சோதித்தார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் கடன் அட்டை எண்கள், மருத்துவ விவரங்கள், காதல் கடிதங்கள் எல்லாம் இருந்தன. 2003இல் அறிக்கையாக வந்தது. படம் வந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் எல்லோரும் ஆர்னோதான்.

காரணம் எளிது. கோப்பை 'டெலிட்' செய்தால் கோப்பு போவதில்லை. இந்த இடம் காலி என்று அட்டவணையில் ஒரு குறி மட்டும் விழுகிறது. அந்த இடத்தில் வேறொன்றை எழுதும்வரை பழையது அப்படியே கிடக்கும். 'ஃபார்மேட்' செய்தாலும் பல சமயம் இதே கதைதான். ஒருமுறை என்னிடம் வந்த பெட்டியில் ஒரு வீட்டின் முழு வரவு செலவும் இருந்தது. மகள் கல்யாணத்துக்கு யாரிடம் எவ்வளவு கடன், எவ்வளவு வட்டி, மொய் யார் எவ்வளவு எழுதினார்கள், எல்லாம். இரண்டு வரி படித்ததும் மூடிவிட்டு முழுதாக அழித்தேன். அந்தக் குடும்பத்துக்கு இன்றுவரை தெரியாது.

படத்தில் ஆர்னோ கெட்டவர் என்பதால் நாம் கைதட்டுகிறோம். நிஜத்தில் அந்த இடத்தில் இருப்பது பெரும்பாலும் நம் வீட்டுப் பெரியவர்கள். கைமாற்றும் முன் டிஸ்க் முழுவதையும் மேலெழுதுங்கள். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க்) என்றால் அதற்குரிய அழிக்கும் கட்டளையைக் கொடுங்கள். கைப்பேசியை முழுதாக ரீசெட் செய்து கணக்குகளை நீக்குங்கள்.

மின்கம்பி

துளையட்டை ஐயா, காந்த வளையம் பற்றிச் சொன்னதற்கு நன்றி. அந்த ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன், ஈரக் கை ஆட்சேபம் அப்படியே இருக்கிறது. பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி இரண்டு வார்த்தை சொல்லுங்கள். மெயினை அணைக்காமல் எதையும் திறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வினாப்பித்தனோடு ஒரு விஷயத்தில் உடன்படுகிறேன். டெக்ஸ்டர் தேடிப் போகவில்லை என்பது சரி, ஆனால் அது தன் சொந்த அறிவு இல்லை என்று தெரிந்தும் மேடையில் உட்கார்ந்தான். இன்று ஒருவன் காதில் கருவி மாட்டிக்கொண்டு தேர்வெழுதினால் விடுவோமா?

இருபிள்ளைத்தாய்

என் பிள்ளைகளோடு சனிக்கிழமை பார்த்தேன். பெரியவனுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு எட்டு. முதல் அரைமணி நேரம் நெளிந்தார்கள். டெக்ஸ்டர் தேர்வை நொடியில் எழுதி முடிக்கும் இடத்திலிருந்து உட்கார்ந்துவிட்டார்கள். பெயின்டர் வேடத்தில் வீட்டுக்குள் புகும் இடத்தில் சின்னவள் எழுந்து நின்றே பார்த்தாள். கடைசிக் கேள்விக்கு ஸ்கைலர் விடை சொன்னதும் இருவரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். மின்கம்பி அண்ணா சொன்னபடி நிறுத்திச் சொன்னேன். ஆனி ஏன் எதுவுமே செய்யவில்லை என்று சின்னவள் தானாகவே கேட்டாள், நூலகவாசி அக்கா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன்.

பெரியவன் கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. "இந்தக் கணினிக்கு ஸ்க்ரீனே இல்லையே, அப்புறம் பதிலை எதில் பார்ப்பார்கள்?" துளையட்டை ஐயா சொல்ல முடியுமா?

துளையட்டை

நல்ல கேள்வி அம்மா. பெரும்பாலும் காகிதத்தில்தான். திரை வைத்த கணினிகளும் இருந்தன, ஆனால் சாதாரண அலுவலகத்தில் இயந்திரத்தோடு பேச ஒரு தட்டச்சுப் பொறி, விடைக்கு வரி அச்சுப்பொறி. ஐபிஎம் 1403 என்ற அச்சுப்பொறி 1959இல் வந்தது. எழுத்துகள் பொறித்த ஒரு சங்கிலி கிடைமட்டமாக விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு வரியில் 132 இடங்கள். தேவையான எழுத்து தேவையான இடத்துக்கு நேராக வரும் கணத்தில், பின்னாலிருந்து சின்னச் சுத்தியல் ஒன்று காகிதத்தை மை நாடாமேலும் எழுத்துமேலும் அடிக்கும். இப்படி நிமிடத்துக்கு அறுநூறு வரிகள், பிறகு வந்த மாடலில் ஆயிரத்தைத் தாண்டியது. காகிதம் இரு ஓரமும் துளைபோட்ட, மடிப்பு மடிப்பாக வரும் நீளத்தாள். மூடியைத் திறந்து வைத்தால் பக்கத்தில் நின்று பேச முடியாது, அவ்வளவு சத்தம்.

கலிஃபோர்னியாவில் மவுண்டன் வியூவில் இருக்கும் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் ஐபிஎம் 1401 கணினியையும் இந்த அச்சுப்பொறியையும் பழுதுநீக்கி இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள். காணொளிகள் கிடைக்கும். பையனுக்குக் காட்டுங்கள், ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.